இரண்டு விளக்கும் எரியும்வரை

அந்தப் பையை மேலே தூக்கி வைக்க வேண்டாம் நண்பரே. மடியிலேயே இருக்கட்டும். எனக்குக் கனம் ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் ஜன்னல் பக்கம் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள்.

பார்த்தால் டிபன் பாக்ஸ் போலத்தான் இருக்கும். வாலாஜாவில் ஏறும்போது கண்டக்டர் காலால் ஓரமாகத் தள்ளப் பார்த்தார். "தள்ளாதேப்பா, இதுல செத்தவங்க குரல் இருக்கு"ன்னு சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மீதிச் சில்லறை கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

நண்பரே என்று கூப்பிடலாம் அல்லவா? சார் என்ற சொல் என் வாயில் வராது. முதலாளியையே சொன்னதில்லை. தோழர் என்று சொன்னால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு சீட்டு தேடுகிறார். அதனால் நண்பர்.

தோல் தொழிலாளர் சங்கம், தலைவர் எத்திராசு. கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பத்திரிகைக்காரர்கள் எழுதினால்தானே தெரியும்? இந்தாருங்கள் ஒரு நோட்டீஸ். நேற்று அச்சானது, மை இன்னும் கையில் ஒட்டும். தலைப்பைப் பாருங்கள்: "சாட்சியை அழித்த சதிகாரர் யார்?" நான் எழுதியது. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். கதவிடுக்கில் செருகிவிட்டுப் போன துண்டறிக்கைகளை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் உலகத்தைத் தெரிந்துகொண்டேன். மடித்து வைத்துக்கொள்ளுங்கள், பிறகு படிக்கலாம். முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள்.

என் போன்தான். அடிக்கட்டும். எடுக்க மாட்டேன்.

கெசியா கூப்பிடுகிறாள். என் தோழன் ஏசுதாசின் மகள். என்னைப் பெரியப்பா என்பாள். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து நேராகச் சங்க அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். நேற்று மாலை வரைக்கும் அவள் எனக்கு மகள். நேற்று மாலை போனில் ஒரு கேள்வி கேட்டாள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல என் மானம் இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பையைத் தூக்கிக்கொண்டு சென்னைக்குப் போகிறேன். ரிச்சி தெருவில் இதற்கென்றே ஒரு கடை இருக்கிறதாம். அழிந்துபோனதை எல்லாம் தோண்டி எடுத்துக் கொடுப்பார்களாம். இதில் இருப்பதை எடுத்து அவள் முன்னால் வைத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் அவள் மூஞ்சி எங்கே போகிறது பார்க்கிறேன்.

நாளைக்கு விசாரணை. 

தோல் பதனிடுகிற இடத்துக்குள்ளே போயிருக்கிறீர்களா? இரண்டு உலகம் அது. ஒன்று குழிப் பகுதி. பச்சைத் தோலைச் சுண்ணாம்பிலும் மருந்திலும் ஊறப்போட்டு, உள்ளே இறங்கி மிதித்துப் புரட்டுகிற இடம். இன்னொன்று பினிஷிங். சாயம், பாலிஷ், இஸ்திரி. நான் பினிஷிங். ஏசுதாஸ் குழி. குழியில் நின்றவர்களுக்கு முதலில் கால் தோல் போகும், அப்புறம் மூக்குத் தண்டில் ஓட்டை விழும், கடைசியில் மூச்சு போகும். கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? "இவர்கள் யாரும் எங்கள் ஆட்களே இல்லை, ஒப்பந்தக்காரன் கூட்டி வந்த கூலிகள்" என்கிறது. சாட்சி எங்கே என்று கேட்டார் நீதிபதி. கெசியா ஒரு கேமராவைத் தூக்கிக்கொண்டு குழிக்காரர்கள் தெருவில் வீடு வீடாகப் போனாள். ஒவ்வொருவரையும் பேச வைத்துப் பதிவு செய்தாள். எந்த மேஸ்திரி, எந்தக் குழி, யார் கூலி கொடுத்தது, என்ன மருந்து, எல்லாம். பேசியவர்களில் பலர் இன்று இல்லை. ஏசுதாசும் இல்லை. பதிவுகளை நாளைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். இதுவே கடைசி வாய்தா என்று போன முறையே சொல்லிவிட்டார்கள். கொடுக்காவிட்டால் வழக்கு முடிந்தது. அந்தத் தெருவில் இருக்கிற விதவைகளுக்கு நான் என்ன பதில் சொல்வேன், சொல்லுங்கள்.

சரி, கம்ப்யூட்டர் விஷயத்துக்கு வருகிறேன்.

சங்கத்தில் ஒரு மெஷின் இருக்கிறது. கெசியாதான் வாங்கிக் கொடுத்து ஏற்பாடு செய்தாள். அதற்குள்ளே ஒரு டிஸ்க். அதில் முதலில் என்னுடைய பேச்சுகள் ஏறின. மே தினப் பேச்சு, கம்பெனி வாயில் கூட்டப் பேச்சு, மாவட்ட மாநாட்டில் பேசியது, மழையில் நனைந்துகொண்டே பேசியது. வரலாறு அல்லவா? எதை விடுவது? அதனால் டிஸ்க் நிறைந்துபோயிற்று. குழிக்காரர்களின் பதிவுகளுக்கு இடமில்லை. "பெரியப்பா, ஒரே பேச்சு நாலு தடவை இருக்கு, மூணை எடுத்துடட்டுமா?" என்று கேட்டாள். நாலும் நாலு ஊர்க் கூட்டம், எதையும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளே இன்னொரு டிஸ்க் கொண்டுவந்தாள். வெளியே தனிப் பெட்டி, அதற்கென்று தனி கறுப்பு ஒயர், தனி பிளக். இதோ என் மடியில் இருக்கிறதே, இதுதான் அது.

இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டாள். அதற்கு வால்யூம் என்று பெயர். டிஸ்க் இரண்டு, வால்யூம் ஒன்று. எனக்கு அது பிடித்திருந்தது. ஐக்கிய முன்னணி மாதிரி.

என்னை உட்கார வைத்துச் சொன்னாள். "மெஷினைப் போட்டதும் அது முதல்ல ஆள் எடுக்கும் பெரியப்பா. யார் யார் வந்திருக்காங்கன்னு பார்க்கும். ரெண்டு டிஸ்க்கும் ஆஜர்னு சொன்னாத்தான் வால்யூமைத் திறக்கும். ஒண்ணு வரலைன்னா திறக்காது. அப்படியே நிக்கும். நிக்கிறது கோளாறு இல்ல. அதுதான் பாதுகாப்பு. அப்போ நீங்க எதையும் தொடக்கூடாது."

"வந்தவனை வெச்சு நடத்தக் கூடாதா?" என்றேன்.

"நடத்தலாம். நீ அடிச்சுச் சொன்னா அது கேக்கும். ஆனா வராதவன் செத்துட்டான்னு அது நெனச்சுக்கும். அப்புறம் பழுது பார்க்கிறேன்னு உக்காந்து அவன் பேரையெல்லாம் வரிசையா அடிச்சுப் போட்டுடும்."

நீ என்றா சொன்னாள்? கோபம் வந்தால் சொல்வாள். விடுங்கள்.

அதோடு விட்டாளா? டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கு உண்டு. ஒரு தாளில், "இரண்டு விளக்கும் எரியும்வரை தொடாதீர்கள்" என்று எழுதி மெஷின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனாள். எங்கள் சங்கத்தில் தலைவர் கையெழுத்து இல்லாமல் எந்த நோட்டீசும் ஒட்டக்கூடாது. நான் கொண்டுவந்த விதி. கிழித்துப் போட்டேன். அவளுக்கு ஒரு விதி, மற்றவர்களுக்கு ஒரு விதி என்று நான் நடத்த முடியுமா?

அடிக்கிறது பாருங்கள் மறுபடியும். அடித்துக்கொண்டே இருக்கட்டும்.

நேற்று காலை. வழக்கு நெருங்கிவிட்டது என்பதால் வாயில் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தேன். மைக் செட்டின் பேட்டரி செத்துக் கிடந்தது. சார்ஜ் போடப் பிளக் இடம் இல்லை. மெஷினுக்குப் பின்னால் ஏதோ ஒரு ஒயர் சும்மா செருகிக் கிடந்தது, அதைப் பிடுங்கிவிட்டு மைக் சார்ஜரைப் போட்டேன். போட்ட கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. போய், வந்தது. கரண்ட் வந்ததும் மெஷின் தானாக எழுந்தது. எழுந்தது, நின்றுவிட்டது. கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக இங்கிலீஷ் வரி. அசையவில்லை.

வக்கீல் பகலுக்குள் பதிவுகளைக் கேட்டிருந்தார்.  எதிர்க்கடை டில்லிபாபுவைக் கூப்பிட்டேன். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான், கம்ப்யூட்டரும் பார்ப்பான், நம் நோட்டீசுக்கு அவன்தான் அச்சு. வந்து குனிந்து பார்த்தான்.

"தலைவரே, ஒரு டிஸ்க் வரலியாம். அதனால திறக்க மாட்டேங்குது."

"ஒரு டிஸ்க்தான வரல? வந்த டிஸ்க்கை வெச்சுத் திற."

"கெசியா அக்காவுக்கு ஒரு போன் போட்ருவோம் தலைவரே."

"எதுக்கு? நான் தலைவரா அவ தலைவரா?"

அவன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அப்போதுதான் எனக்குச் சங்க விதி நினைவுக்கு வந்தது.

உங்களுக்குத் தெரிந்திருக்காது, சொல்கிறேன். பொதுக்குழு கூட வேண்டும் என்றால் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. கோரம் என்று சொல்வோம். ஆள் குறைந்தால் கூட்டம் நடத்த முடியாது. அதற்காக அப்படியே வீட்டுக்குப் போய்விட முடியுமா? அரை மணி நேரம் ஒத்திவைக்க வேண்டும். அரை மணி கழித்து அதே இடத்தில் மறுபடி கூடினால் கோரம் தேவையில்லை. வந்தவர்கள் போதும். எடுத்த முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்தும். எல்லாச் சங்கத்திலும் இருக்கிற விதிதான். எத்தனையோ போராட்டத்தை இந்த விதியை வைத்துத்தான் நடத்தியிருக்கிறேன்.

"டில்லி, மெஷினை நிறுத்து. டீ சொல்லு. அரை மணி போகட்டும். அப்புறம் மறுபடி போடு. வந்தது போதும்னு போடு" என்றேன்.

சிரிக்காதீர்கள். நியாயம் இருக்கிறதா இல்லையா? நோட்டீஸ் கொடுத்தாயிற்று, நேரம் கொடுத்தாயிற்று, வராதது அதன் தவறு.

டீ குடித்தோம். மறுபடி போட்டான். மறுபடியும் நின்றது. "வந்ததை வெச்சுத் திற"ன்னு ஏதோ இங்கிலீஷில் அடித்தான். திறந்தது! பார்த்தாயா என்றேன். உடனே அவன் முகம் மாறிற்று.

"தலைவரே, கேள்வி கேக்குது. பழுது இருக்காம். சரி பண்ணட்டுமாங்குது. ஆமாவா இல்லையா?"

"ஆமா போடு."

"மறுபடி கேக்குது தலைவரே."

"ஆமா போடு."

"நிறைய கேக்குது. எனக்குப் பயமா இருக்கு."

"எல்லாத்துக்கும் ஆமான்னு போட வழி இல்லியா? ஒவ்வொண்ணா எதுக்கு ஓட்டெடுப்பு?"

வழி இருந்தது. போட்டான். வரி வரியாக ஓடிற்று. மெஷின் பூரணமாக எழுந்து நின்றது. திறந்து பார்த்தால் என் பேச்சு அத்தனையும் இருக்கிறது! மே தினம் இருக்கிறது, மாநாடு இருக்கிறது, மழையில் நனைந்தது இருக்கிறது. ஒன்றைப் போட்டுக் கேட்டேன். குரல் கணீரென்று வந்தது. டில்லிக்கு இன்னொரு டீ சொன்னேன்.

அப்புறம்தான் குழிக்காரர்களின் பதிவுகளைத் திறந்தான். ஒன்றும் இல்லை. வெறும் இடம். ஒரு பெயர்கூட இல்லை.

 டில்லி என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். "டிஸ்க் கெட்டுப்போச்சு தலைவரே, வெளிய இருக்கிற பெட்டிதான்" என்றான். ஒரு டிஸ்க் வழக்கு வருகிற நேரம் பார்த்துச் சரியாகக் கெடுமா? சொல்லுங்கள். இது கம்பெனியின் கை. நம் அலுவலகத்துக்குள்ளே ஆள் வைத்திருக்கிறார்கள். உட்கார்ந்து நோட்டீஸ் எழுதினேன். வாயில் கூட்டத்திலேயே கொடுத்தேன். என்ன பேச்சு தெரியுமா! மைக் பிரமாதமாக வேலை செய்தது.

மாலையில் கெசியா கூப்பிட்டாள். டில்லிதான் சொல்லியிருப்பான். "எதையும் தொடாதீங்க, காலையில நான் வர்றேன்" என்றாள். சரி என்றேன்.  அழுகிறாளோ என்று பார்த்தேன். அழவில்லை. அப்புறம் கேட்டாள்.

"பெரியப்பா, வேணும்னே பண்ணீங்களா?"

என்னை! நாற்பது வருஷம் தடியடி வாங்கினவனை. சிறைக்குப் போனவனை.

போனை வைத்துவிட்டேன்.

அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்று நீங்கள் கேட்கவில்லை. நல்ல மனிதர். ஆனாலும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களாக ஏதாவது நினைத்துக்கொள்வீர்கள்.

பல வருஷங்களுக்கு முன்னால் பெரிய வேலை நிறுத்தம். குழிப் பகுதி, பினிஷிங் இரண்டும் சேர்ந்தால் கம்பெனி படுத்துவிடும். ஏசுதாஸ் வந்தான். "அண்ணா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறு. எங்க தெருவுல உக்காந்து பேசிட்டு எல்லாருமா வர்றோம். நீயும் ஒரு நடை வந்து சொன்னா நல்லாருக்கும்" என்றான். நான் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேனே என்றேன். "பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது அண்ணா." தெரிந்தவன் படித்துச் சொல்லட்டும் என்றேன். போராட்டம் என்றால் உப்பு புளி வாங்குகிற மாதிரி வீடு வீடாகப் போய்க் கேட்கிறதா? சாதி பார்த்துப் போகவில்லை என்று நினைக்காதீர்கள். எனக்குச் சாதி கிடையாது. அந்தத் தெருவில் எனக்கு வேலை எதுவும் இருந்ததில்லை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை பொதுக்குழு. குழிக்காரர்கள் வரவில்லை. கோரம் இல்லை. அரை மணி ஒத்திவைத்தேன். மறுபடி கூடினோம். வேலை நிறுத்தம் என்று முடிவு. கைதட்டல் கூரையைத் தூக்கிற்று.

மறுநாள் பினிஷிங் ஆட்கள் அத்தனை பேரும் வாயிலில். குழிக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு எங்களைத் தாண்டி உள்ளே போனார்கள். ஏசுதாஸ் ஒருவன் மட்டும் வரிசையை விட்டு வந்து என் பக்கத்தில் நின்றான். கடைசிவரை நின்றான். கம்பெனி குழிக்காரர்களை வைத்தே எல்லாப் பகுதியையும் ஓட்டிற்று. எங்கள் பெயர்களை வரிசையாக அடித்து வேலையை விட்டு நீக்கினார்கள். என் பெயர் முதலில், ஏசுதாஸ் பெயர் அடுத்து. அவன் அதற்கப்புறம் வேறு குழிகளில் கூலிக்கு நின்று நின்றே நுரையீரலைக் கொடுத்தான்.

"காட்டிக்கொடுத்த குழிப் பகுதி" என்று நான் போட்ட நோட்டீஸ் அந்தக் காலத்தில் பிரசித்தம். இன்று சங்கத்தில் மிச்சம் இருப்பது அவர்கள்தான். பினிஷிங்காரன் ஒருவன் இல்லை. நான் அவர்களை மன்னித்துவிட்டேன். யாரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

ஏசுதாஸ் பதிவு இருக்கிறதே, அதைக் கெசியா ஒரு நாள் எனக்குப் போட்டுக் காட்டினாள். இருமிக்கொண்டே பேசுகிறான். எந்த மேஸ்திரி, யார் கூலி கொடுத்தது, ஒவ்வொன்றும் அணு பிசகாமல் சொல்கிறான். வக்கீல் சொன்னார், இந்த ஒன்று போதும், கம்பெனி தப்பிக்க முடியாது என்று. ஆனால் நடுவில் சம்பந்தமே இல்லாமல் ஒன்று சொல்கிறான். "அந்த வெள்ளிக்கிழமை எங்களை யாரும் கேக்கல. ஞாயிறு வரைக்கும் பொறுத்திருந்தா எல்லாரும் வெளிய வந்திருப்போம். அண்ணன் பொறுக்கல." அப்படி.

"இது வழக்குக்குத் தேவையில்லாதது. வெட்டிடு" என்றேன்.

"அதையும் சேர்த்துத்தான் அப்பா பேசினாரு. வெட்ட மாட்டேன்" என்றாள்.

"கோர்ட்டுல எல்லாரும் கேப்பாங்க கெசியா."

"கேக்கட்டும் பெரியப்பா."

அவ்வளவுதான் நடந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறாள், வேணும்னே பண்ணீங்களா என்று. நானா? ஏசுதாஸ் குரலையா? அந்தக் குரல் என் பக்கத்தில் வந்து நின்ற குரல் அய்யா. அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட அது என்னிடம் இருக்க வேண்டும்.

அதனால் காலையில் அவள் வருவதற்கு முன்னாலேயே பெட்டியை மெஷினிலிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன்.

இல்லை, இது ஒன்றுதான். உள்ளே இருக்கிற டிஸ்க்கா? அது எதற்கு? அது நல்லாத்தானே இருக்கிறது. என் பேச்சு எல்லாம் பாடுகிறதே. கெட்டதைத்தானே வைத்தியனிடம் கொண்டுபோவார்கள்?

நீங்களும் அவளை மாதிரியே கேட்கிறீர்கள். என்ன வேலை பார்க்கிறீர்கள்? பாங்க்கா. அதுதான்.

நிறுத்திவிட்டான். மோட்டல். டீ குடிக்கவா? வாருங்கள். பையை நானே எடுத்துக்கொள்கிறேன்.

சூடாக இருக்கிறது, பார்த்துக் குடியுங்கள். மறுபடி அடிக்கிறாள். எத்தனை தடவைதான் அடிப்பாள்? காது கூசுகிறது. ஒன்று செய்யுங்கள் நண்பரே. நீங்கள் எடுத்துப் பேசுங்கள். தலைவர் முக்கியமான ஆலோசனையில் இருக்கிறார் என்று சொல்லுங்கள். இந்தாருங்கள். இந்தப் பச்சையைத் தள்ள வேண்டும்.

என்ன சொல்கிறாள்?

எங்கேயிருந்து பேசுகிறாளாம்? பஸ்ஸிலா? எந்த பஸ்?

எனக்குப் பின்னால் வருகிற பஸ்ஸிலா! நான் போகிற இடத்தை டில்லி சொல்லிவிட்டானா? எதற்கு? உள்ளே இருந்த டிஸ்க்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருகிறாளா? கடைக்காரனிடம் பேசிவிட்டாளாம், இரண்டும் சேர்ந்து வந்தால்தான் கையே வைப்பானாம்... சரி. ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாதாம். இது என்ன, அவனும் கோரம் பார்க்கிறானா?

கேளுங்கள், கேளுங்கள். என் மடியில் இருக்கிற டிஸ்க் கெட்டுப்போய்விட்டதே, அதற்கு என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள்.

என்ன?

மறுபடி சொல்லுங்கள்.

இது கெடவில்லையா.

அலுவலகத்துக்குப் போய்ப் பார்த்தாளாம். இந்தப் பெட்டியின் கறுப்பு ஒயர் கீழே தொங்கிக்கொண்டிருந்ததாம். அந்த இடத்தில் மைக் சார்ஜர்...

டீயை இப்படி வையுங்கள். எனக்கு வேண்டாம். வெயில்.

அப்படியானால் பழுதானது எது? உள்ளே இருந்ததா? நாங்கள் சரி செய்தோமே, அதுதான் பழுதா? அழிந்தது உள்ளே இருந்த டிஸ்க்கில் எழுதியிருந்த பெயர்கள்தானாம். குரல் எல்லாம் பத்திரமாகப் பெரியப்பா மடியில்தான் இருக்கிறதாம். இரண்டும் சேர்ந்தால் இன்றைக்கே எடுத்துவிடலாமாம். அப்படியா சொன்னாள்? மடியில் என்றா? நான் மடியில்தான் வைத்திருப்பேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

வேறு என்ன சொன்னாள்? சொல்லுங்கள், பரவாயில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது, இன்னும் ஏதோ சொல்லியிருக்கிறாள்.

"நேத்து கேட்டது தப்புன்னு சொல்லுங்க. வேணும்னு பண்ணல. மைக்குக்காகப் பண்ணியிருக்காரு."

மைக்குக்காக.

நண்பரே, சதிகாரன் என்றால்கூட அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சதி செய்ய மூளை வேண்டும், காரணம் வேண்டும். மைக்குக்காக! ஊர் முழுக்கச் சொல்லிவிடுவாள். இல்லை, சொல்ல மாட்டாள். ஏசுதாஸ் பெண். சொல்ல மாட்டாள். அது இன்னும் மோசம்.

வைத்துவிட்டாளா? கடைசியாக என்ன? இங்கேயே இறங்கி நிற்கச் சொன்னாளா? அவள் பஸ்சும் இந்த மோட்டலில்தான் நிற்குமா?

எனக்குக் கட்டளை இடுகிறாள் பாருங்கள். நான் யாருக்காகவும் நின்றவன் இல்லை. என் வரலாற்றை நீங்கள் கேட்டீர்கள் அல்லவா? நின்றிருக்கிறேனா எங்கேயாவது? நான் நேராகப் போகிறேன். கடை வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறேன். அவள் வந்தால் வரட்டும். முதலில் போனவனுக்குத்தானே...

அந்த பஸ் எப்போது வரும் என்று சொன்னாளா? சொல்லவில்லையா?

விசில் அடிக்கிறார் கண்டக்டர். ஏய், இருப்பா! ஆள் வரணும்! இன்னொரு ஆள் வரவேண்டியிருக்கு, கொஞ்சம் பொறு! என்ன முறைக்கிறீங்க? பின்னால வர்ற பஸ்சுல ஒரு பொண்ணு வருதுங்க. வந்ததும் எடுக்கலாம்.

முடியாதாம். டைம் ஆயிற்றாம். வந்தவர்களை வைத்துத்தான் வண்டி எடுப்பாராம். பார்த்தீர்களா இவருடைய நியாயத்தை? ஒருவர் வந்துகொண்டிருக்கிறார் என்று தெரிந்தும்.

நீங்கள் ஏறுங்கள் நண்பரே. உங்களுக்கு நேரமாகிறது. என் துண்டு சீட்டில் இருக்கிறது, ஜன்னல் வழியாகப் போடுங்கள். ஆமாம், அதுதான். இல்லை, அவள் சொன்னதற்காக இல்லை. எனக்குக் கால் வலிக்கிறது. உட்கார்ந்து வந்ததில் மரத்துவிட்டது.

அந்த நோட்டீஸ் இருக்கிறதா உங்களிடம்? நான் கொடுத்தேனே. மடித்துப் பையில் வைத்தீர்களே. அதைக் கொஞ்சம் கொடுங்கள். படித்துவிட்டீர்களா? படிக்கவில்லை அல்லவா? நல்லது. அதில் ஒரு அச்சுப்பிழை இருக்கிறது. டில்லியின் கைவேலை, எப்போதும் இப்படித்தான். திருத்திப் போட வேண்டும்.

கொடுங்கள். ஆம்.

வண்டி நகர்கிறது, கையை உள்ளே எடுங்கள். அதோ பின்னால் ஒரு பஸ் தெரிகிறது. அது இல்லை, அது திருப்பதி போகிறது. பரவாயில்லை. பை என் கையில் பத்திரமாக இருக்கிறது. நீங்கள் போய்வாருங்கள்.

நான் நிற்கிறேன்.